ஏழாங்கட்டை ஆற்றுத் தண்ணீர்

கரையில் ஒரு புல்கூட மிச்சமில்லை என்பதை முதலில் பார்த்தவர் கல்லூரியின் காவலாளி. நேப்பாளத்துக்காரர். அவர் கண்ணுக்கு அது அழகாகவே இருந்தது. கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஜாசினுக்கு வெளியே இருக்கும் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பாதியை அந்தக் கல்லூரி வாங்கிப் பல வருடம் ஆகிறது. ரப்பர் பால்மரமும் நடாமல், எண்ணெய்க்கான செம்பனையும் நடாமல் விட்டுப்போன ஒரு பள்ளக்காடு அந்தப் பாதிக்குள் கிடந்தது. அதன் நடுவே ஒரு ஆறு. ஆறு என்று தோட்டத்தார்தான் சொல்வார்கள். மழை இல்லாத மாதத்தில் கால் நனையாமல் தாண்டிவிடலாம். கல்லூரி அங்கே கட்டடம் எதுவும் கட்டவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு இயற்கைக் காப்பகம் என்று பலகை வைத்துச் சுற்றிலும் வேலி போட்டது.

வருடத்தில் ஒரு நாள், மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை, வெளி ஆட்களையும் உள்ளே விடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். கல்லூரி மாணவர்கள் அவர்களுக்குத் தவளையையும் மீனையும் பிடித்துக் காட்டிவிட்டுத் திரும்ப விடுவார்கள். வேண்டாத செடிகளைப் பிடுங்கிப்போட்டு, நாற்றங்காலில் வளர்த்த காட்டுமரக் கன்றுகளை நடுவார்கள். மத்தியானம் எல்லாருக்கும் வாழையிலையில் கட்டிய மீ கோரேங், காரமாக வறுத்த நூடுல்ஸ்.

தோட்டத்தின் மற்றப் பாதியில் லயன் எனப்படும் வரிசை வீடுகளும் மாரியம்மன் கோயிலும் இருந்தன. லயனில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தொழிற்சாலை பஸ் ஏறிப் போகிறவர்கள். ஆனாலும் மே மாதத் திருவிழாவுக்கு எல்லாரும் லீவு எடுத்துவிடுவார்கள். கரகம் தூக்குகிறவர் அப்புசாமி. தோட்டம் முழுசாக இருந்த காலத்தில் அவர் தண்டலாக இருந்தார். ஆட்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய் வேலை வாங்குவது அவர் பொறுப்பு. இப்போது கோயில் வேலையைத் தவிர வேறு வேலை இல்லை.

கரகத்தை ஆற்றங்கரையில்தான் ஜோடிப்பார்கள். ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு, வேப்பிலையும் பூவும் கட்டி, உறுமி அடித்து, அம்மனை அழைத்துக்கொண்டு அங்கிருந்து கோயிலுக்கு வரவேண்டும். வேலி வந்த பிறகு இரண்டு திருவிழாவுக்குக் கோயிலின் பின்பக்கக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். இரண்டு வருடமும் அப்புசாமி மேல் அம்மன் வரவில்லை. உறுமிக்காரர்கள் கை ஓயும்வரை அடித்தும் அவர் சும்மாவே நின்றார். பிறகு சாதாரணமாகக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார்.

"இந்த வருஷம் ஆத்துத் தண்ணி இல்லைன்னா நான் கரகம் தூக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க" என்று கோயில் கூட்டத்தில் சொல்லிவிட்டார்.

வேறு ஆள் இல்லை. அது அவருக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும்.

அவர் மகள் திலகவதி அந்தக் காப்பகத்தில்தான் வேலை பார்த்தாள். பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவது, வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. காப்பகத்தின் பொறுப்பாளர் நூருல் ஐன், புக்கிட் காத்திலில் இருந்து வரும் விரிவுரையாளர். திலகவதி பல நாள் யோசித்து, திருவிழாவுக்குக் கேட்டைத் திறந்துவிட முடியுமா என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

நூருல் ஐன் உடனே முடியாது என்று சொல்லவில்லை. "உங்க ஆளுங்க மார்ச்ல ஒரு நாள் வந்து நம்ம கூட வேலை செய்யட்டும், திலகா. அதுக்கப்புறம் மேல போய்க் கேக்கிறது எனக்கு ஈஸி. வேலியைப் பாத்து முறைச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு கேட்டைத் திறங்கன்னு சொன்னா யாரு கேப்பாங்க?"

திலகவதி அதை வீட்டில் சொன்னாள். அப்புசாமியின் அக்கா கருப்பாயியும் அப்போது அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை ஆளு வேணும்?" என்றார் அப்புசாமி.

"வர்றவங்க வரட்டும்பா. சனிக்கிழமை காலையில வந்தா போதும்."

"கத்தி, மெஷின் எல்லாம்?"

"அவங்களே குடுப்பாங்க. கையுறை, சின்ன மண்வெட்டி."

"எம்மாம் சின்னது?" என்றாள் கருப்பாயி. திலகவதி கையால் அளந்து காட்டினாள். "இத வச்சுப் பூந்தொட்டிதான் கிண்டலாம். உங்க காலேஜ்ல புல்லு வெட்டுறதா, ஊசி நூலு கோக்கிறதா?"

"எந்தச் செடியப் புடுங்கணும்னு முதல்ல காட்டுவாங்க அத்தை. ரெண்டே ரெண்டுதான். நான் அட்டையில ஒட்டி வச்சிருக்கேன்."

"வேலை தெரியாத வீட்டுக்கா அட்டை காட்டப்போற?" என்று அப்புசாமி சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்ததால் திலகவதி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு அவள் நூருல் ஐன் வீட்டில் தங்கிவிட்டாள். மறுநாளைக்கு வாழையிலை துடைத்து நறுக்குவது, டீசட்டைகளை அளவுவாரியாகப் பிரிப்பது என்று வேலை இருந்தது.

தோட்டத்தில் விடியும் நேரத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். ஏழாங்கட்டையில் பெரட்டு நின்றுபோய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அந்தச் சனிக்கிழமை அப்புசாமி கல்லூரி கேட்டுக்கு முன்னால் அதை மறுபடி எடுத்தார். ஆறு மணி. லயனில் இருந்து ஆணும் பெண்ணுமாக எல்லா வீட்டில் இருந்தும் ஆள் வந்திருந்தது. அவரவர் கத்தி அவரவர் கையில். அடுத்த வீட்டுப் பெரியதம்பி முன்வரிசையில் நின்றார். நகராண்மைக் கழகத்துக்குச் சாலையோரப் புல் வெட்டிக் கொடுக்கும் பிரவின் தன் மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

இன்றைக்கு எல்லாரையும் விடலாம் என்று காவலாளிக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் விட்டுவிட்டார்.

"பெரியதம்பி, நீ ஆத்தோரம் எடு. அக்கா, நீ பொம்பளைங்கள கூட்டிக்கிட்டு அந்தக் கரைக்குப் போ. பிரவின், கல்லு இருக்கும், பாத்து ஓட்டு."

"மாமா, டீச்சர் ஏதோ சொல்லிக் காட்டுவாங்களாம்லா?" என்றான் பிரவின்.

"வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதா? நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? ஆத்தாளுக்கு ஜோடிக்கப்போற எடம். பளிச்சுனு இருக்கணும்."

நூருல் ஐனும் திலகவதியும் எட்டு மணிக்கு மேல் வந்தார்கள். பின்னாலேயே பள்ளி பஸ்கள் வந்தன. எட்டரைக்கு விளக்கம். திலகவதி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அதில் இரண்டு செடிகள் ஒட்டியிருந்தன. ஒன்று, இலையில் ரோமமும் நீலநிறப் பழமும் உள்ள குத்துச்செடி. இன்னொன்று, மரத்தில் ஏறி மூடிக்கொள்ளும் ஒரு கொடி. இரண்டுமே வெளிநாட்டில் இருந்து வந்து இங்கே பரவியவை.

பாதை திரும்பியதும் வெளிச்சம் அதிகமாக இருந்தது. அங்கே அவ்வளவு வெளிச்சம் இருந்ததில்லை.

ஆற்றின் இரண்டு கரையும் வழித்துவிட்டதுபோல் வெறும் செம்மண்ணாகத் தெரிந்தன. பெரிய மரங்கள் ஒவ்வொன்றையும் சுற்றி, செம்பனைக்கு எடுப்பதுபோல், புல்லைச் செதுக்கி வட்டம் எடுத்திருந்தார்கள். எல்லா வட்டமும் ஒரே அளவு. வெட்டியதையெல்லாம் ஒரே திசையில் நுனி இருக்கும்படி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அப்புசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உள்ள ரொம்ப மோசமா கெடந்துச்சு டீச்சர். பாம்பு இருந்தாக்கூட தெரியாது. இப்பப் பாருங்க."

நூருல் ஐன் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருப்பாயி ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். "குப்பையும் பொறுக்கியாச்சு. எவனோ சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டா வெட்டி, குச்சி குச்சியாக் கட்டிப் போட்டு வச்சிருக்கான் டீச்சர். படிக்கிற பிள்ளைங்க செய்ற வேலையா இது? நீங்கதான் நல்லாக் கண்டிக்கணும்."

பை நிறைய வெள்ளைச் சீட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மரத்தின் பெயர், நட்ட மாணவரின் பெயர். கரை சரியாமல் இருக்க இரண்டு வருடமாக நட்டுவந்த கன்றுகளில் கட்டியிருந்தவை. கன்றுகள், வெட்டி அடுக்கிய வரிசைக்குள் எங்கோ கிடந்தன.

நூருல் ஐன் பையை வாங்கிக்கொண்டார். "தெரிமா காசே, ஆன்ட்டி" என்று மலாயில் நன்றி சொன்னார்.

பள்ளிப் பிள்ளைகளை மேட்டுப் பக்கம் கூட்டிப்போனார்கள். அங்கே தவளை இல்லை. மரங்களின் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். மத்தியானம் மீ கோரேங் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. பிரவின் இரண்டாவது பொட்டலம் வாங்கிக்கொண்டு, "அடுத்த வருஷம் சம்பல் காரம் கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லு திலகா" என்றான். மாணவர்கள் சிலர் ஆற்றுப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து, தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்திருந்த மரத்தடியைத் தவிர்த்து வேறு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தோட்டத்து ஆட்கள் அதைக் கவனிக்கவில்லை. களைப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள்.

எல்லாரும் போன பிறகு நூருல் ஐன் கேட்டார். "எத்தனை மணிக்கு வரணும்னு நீ சொல்லலையா?"

"காலையிலன்னு சொன்னேன், மேடம்."

"உங்க வீட்ல காலைன்னா?"

"ஆறு" என்றாள் திலகவதி. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது.

"எங்க வாப்பா ஜாசின்ல கடை வச்சிருந்தாங்க. அவங்களுக்குக் காலைன்னா நாலரை. நானும்தான் யோசிச்சிருக்கணும்." நூருல் ஐன் சீட்டுகளை மேசை மேல் கொட்டி, ஒரே மரத்தின் சீட்டுகளை ஒன்றாகச் சேர்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அதில் பயன் இல்லை என்று நிறுத்திவிட்டார்.

கல்லூரியில் கூட்டம் நடந்தது. கரையில் செடிகள் தானாக வளர்ந்து மூடும்வரை, குறைந்தது ஒரு வருடம், அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று முடிவானது. மாணவர்களுக்கும் அதே விதி. நடந்து பார்க்க ஒரு பலகைப் பாதை மட்டும் போட்டார்கள். கரகத்தைப் பற்றி நூருல் ஐன் பேசினார். கரையில் கூட்டம் நிற்காமல் கரகம் ஜோடிக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திலகவதி அதை வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. அப்புசாமி அப்போது குடத்துக்கு ஈயம் பூசக் கொடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"கேட்டு திறக்க மாட்டாங்கப்பா."

"ஏன்? வேலை செஞ்சோம்லா? அந்த டீச்சரே தெரிமா காசே சொல்லுச்சு."

"நீங்க வெட்டுனது எல்லாம் அவங்க நட்டது. அத்தை பொறுக்குன பிளாஸ்டிக், செடியில கட்டியிருந்த பேரு."

"காடாக் கெடந்துச்சு" என்றார் அப்புசாமி. "நாங்க சுத்தம் பண்ணோம்."

"அதாம்பா தப்பு."

"சுத்தம் பண்றது தப்பா?"

"அங்க தப்பு."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா. நான் கால்ல விழுந்திருப்பேன். எல்லாருமா மீ தின்னுட்டுச் சிரிச்சுக்கிட்டு வந்தோம்." அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது குடத்தைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த கோயில் கூட்டத்துக்கும் போகவில்லை. கருப்பாயி வந்து சத்தம் போட்டாள். "ஒனக்கு அந்த ஆறுதான் ஆத்தாளா? கொழாயில வந்தா வேற தண்ணியா?"

ஏப்ரலில் மழை பிடித்தது. சாயங்காலம் ஆனால் கொட்டியது. வெட்ட வெளியாகக் கிடந்த கரை முதலில் விரிசல் விட்டது, பிறகு துண்டு துண்டாக ஆற்றில் விழுந்தது. நூருல் ஐன் பலகைப் பாதையில் நின்று வாரா வாரம் படம் எடுத்தார். எல்லாப் படமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. கரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது.

அந்த ஆறு வேலியைத் தாண்டி, ஜாசின் சாலைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய்ப் பாலத்தில் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது. பாலத்து வாய் கல்லூரி நிலத்தில் இல்லை. யாரும் இறங்கலாம். ஆனால் பக்கத்தில் தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடை இருந்தது. டப்பாக்களும் பிளாஸ்டிக் பைகளும் அங்கேதான் வந்து தேங்கும். வேலி வந்த முதல் வருடமே யாரோ அந்த இடத்தைச் சொன்னபோது அப்புசாமி, "ரோட்டுச் சாக்கடையிலயா ஆத்தாள அழைக்கிறது?" என்று கேட்டு அவர் வாயை அடைத்திருந்தார்.

மழை விட்ட ஒரு காலையில் அவர் மோட்டார் சைக்கிளில் ஜாசின் பாசாருக்கு மீன் வாங்கப் போய்க்கொண்டிருந்தார். பாலத்தில் வண்டியை நிறுத்தினார். தண்ணீர் செங்கல்லைக் கரைத்ததுபோல் போய்க்கொண்டிருந்தது. அவர் மீன் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

"ஆத்துல போறது அந்தக் கரை மண்ணா?" என்று திலகவதியிடம் கேட்டார்.

"ஆமாப்பா."

"நாங்க வெட்டுன எடமா?"

"ஆமா."

"எம்மாம் நாளைக்குப் போகும்?"

"திரும்ப முளைக்கிற வரைக்கும்."

அன்று மாலை அவர் கோயிலுக்குப் போய், பாலத்தடியில் கரகம் ஜோடிக்கலாம், தூக்குகிறேன் என்று சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "அதே ஆறுதான்" என்று மட்டும் சொன்னார்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாலத்தடியைச் சுத்தம் செய்யப் போனார்கள். அப்புசாமி கேட்டுக்கொண்டதால் திலகவதியும் போனாள். நூருல் ஐனும் வந்திருந்தார். பிரவின் வழக்கம்போல மெஷினைக் கிளப்பினான்.

"நிறுத்துடா! புல்லத் தொடாத!" என்று அப்புசாமி கத்தினார்.

"என்ன மாமா, இடுப்பு ஒசரம் நிக்குது. எப்படி எறங்குறது?"

"காலால ஒதுக்கிட்டு எறங்கு. ஒங்கப்பன் புல்ல வெட்டிட்டா ஆத்துல எறங்குனான்?"

"நான் மாசா மாசம் இந்த ரோட்டுல இதத்தான் மாமா வெட்டுறேன். எனக்கு கவர்மெண்டே சொல்லியிருக்கு."

"இன்னைக்கு நான் சொல்றேன். மெஷினக் கொண்டுபோய் ஒன் லாரியில வையி."

பைகளையும் டப்பாக்களையும் மட்டும் எடுத்தார்கள். கருப்பாயி ஒவ்வொரு தடவை குனியும்போதும் நிமிர்ந்து நூருல் ஐனைப் பார்த்தாள். ஒரு பிளாஸ்டிக் துண்டைத் தூக்கிக் காட்டி, "டீச்சர், இது குப்பையா, இல்ல இதுக்கும் பேரு வச்சிருக்கீங்களா?" என்றாள். நூருல் ஐன் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவர்கள் அவரோடு பேசியது அப்போதுதான்.

திருவிழா அன்று பிரவின் சாலையில் தன் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து வாகனங்களை ஒரு பக்கமாக விட்டான். பாலத்தடியில் இடம் குறுகல். உறுமிக்காரர்கள் சாலையோரத்திலேயே நின்றார்கள். இடுப்பு உயரப் புல்லுக்குள் அப்புசாமி மஞ்சள் வேட்டியோடு இறங்கிக் குடத்தில் மொண்டார். தண்ணீர் சிவப்பாகவே வந்தது.

"மஞ்சத்தண்ணி தெரியும். செகப்புத் தண்ணியில கரகம் இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள் கருப்பாயி. "தெளிய விட்டு மொள்ளேன்டா."

"இருக்கட்டும்க்கா" என்றார் அவர்.

வேப்பிலை கட்டினார்கள். பூச்சரம் சுற்றினார்கள். உறுமி ஆரம்பித்தது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று கூம்புகளை ஒட்டி மெதுவாகப் போனது. அதன் இரைச்சலில் கொஞ்ச நேரம் உறுமியே கேட்கவில்லை. லாரி கடந்து சத்தம் திரும்பியபோது அப்புசாமியின் தோள் ஆடிக்கொண்டிருந்தது. கருப்பாயி குலவை போட்டாள். சாலை வழியாகக் கோயிலுக்கு நடந்தார்கள். வெயில் நல்ல வெயில்.

அம்மன் வந்தது ஆற்றாலா, வேறு எதனாலா என்று லயனில் சில நாள் பேசிக்கொண்டார்கள்.

திருவிழா முடிந்தால் கரகத் தண்ணீரை ஆற்றிலேயே சேர்க்க வேண்டும். அப்புசாமி பூவையும் வேப்பிலையையும் பாலத்தடியில் விட்டார். குடத்தை மட்டும் தண்ணீரோடு திலகவதியிடம் கொடுத்தார். "உள்ள போறவ நீதான். எங்கேருந்து வந்துச்சோ அங்க ஊத்திடு."

அவள் நூருல் ஐனிடம் கேட்டாள். "பலகையை விட்டு எறங்காம ஊத்து" என்று சொல்லி அவரும் கூட வந்தார்.

தண்ணீர் மேலாகத் தெளிந்திருந்தது. அதைக் கரையில் ஊற்றினாள். மண் அடியில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. கையை விட்டுச் சுரண்டி, வழித்து, எட்டின வரைக்கும் எறிந்தாள். ஒரு கைப்பிடிதான் இருக்கும்.

கரையில் இப்போது அங்கங்கே பச்சை தெரிந்தது. திலகவதி குனிந்து பார்த்தாள். வெட்டின அடிக்கட்டைகளில் இருந்து முளைத்திருந்தது அட்டையில் ஒட்டியிருந்த அதே செடி, ரோம இலைக்காரி. மற்றது எதுவும் இன்னும் வரவில்லை.

"அது அப்படித்தான். வெட்டுனா போகாது, வேரோட வரணும்" என்றார் நூருல் ஐன். "அடுத்த மார்ச்ல விளக்கத்தை ஆறு மணிக்கு வைப்போம். மாணவர்கள் எழுந்திரிக்க மாட்டாங்க. பரவாயில்ல. கேட்டைப் பத்தி அதுக்கப்புறம் திரும்பக் கேக்கிறேன். குடுப்பாங்களான்னு தெரியாது."

பலகையில் முட்டி போட்டு, கை எட்டின ஒரு செடியைத் திலகவதி வேரோடு பிடுங்கினாள். குடத்துக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அப்புசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இலையைக் கட்டைவிரலால் தடவினார்.

"இதோட பழத்தச் சின்னதுல தின்னிருக்கோம். நாக்கெல்லாம் நீலமாப் போயிரும்."

"இதுதான்பா புடுங்கணும். இதும், ஒரு கொடியும்."

"இத மட்டுமா?"

"இத மட்டும்."

அவர் செடியை எடுத்துக்கொண்டு பெரியதம்பி வீட்டுக்குப் போனார். அங்கிருந்து பிரவின் வீட்டுக்குப் போனது. கருப்பாயி அதை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள். இருட்டுவதற்குள் அது லயன் முழுக்கப் போய், வாடி, இலைகள் பாதி உதிர்ந்து, திலகவதியிடம் திரும்பி வந்தது.